பதினேழுக்கு மனசு சரியில்லையாம்

டேய் டேய், ஏன்டா எல்லாரும் பெஞ்சோட அந்தக் கோடிக்கு நகர்றீங்க? கைய கழுவிட்டுத்தான்டா வந்திருக்கேன். சோப்பு போட்டு. ரெண்டு தடவ. உங்களுக்கு கரப்பான்பூச்சியே தேவல, என்னைப் பாத்தா மீசையாச்சும் ஆட்டும்.

இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன்... ஒரு கரப்பானுக்கு மனசு சரியில்லன்னு யாராச்சும் மீட்டிங் போடுவாங்களா? போட்டாங்கடா! போன வாரம், எங்க லேப்ல, ரெண்டு மணி நேரம்! நான் காலேஜ பாதியில விட்டுட்டு வந்தப்போ எங்கப்பா டிவி சவுண்டக்கூட குறைக்கல.

என் வேலை தெரியும்ல? நானூறு கரப்பானுக்கு சாப்பாடு வைக்கணும், பஞ்ச நனைச்சு தண்ணி வைக்கணும், டப்பா கழுவணும். பாதிக்கு முதுகுல வெள்ளப் பெயிண்ட்ல நம்பர் வேற. பரீட்சை எழுதுற கோஷ்டியாம். எனக்கு என் ரோல் நம்பரே மறந்து போச்சு, இதுங்களுக்கு எல்லாம் நம்பர்!

அதுல பதினேழுன்னு ஒண்ணு. அதான் கிளாஸ் ஃபர்ஸ்ட்டு. அட்டையில வளைச்சு வளைச்சு ஒரு பாதை கட்டி, கடைசில ஒரு துண்டு ஆப்பிள் வச்சிருப்பாங்க. மத்ததெல்லாம் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும், நம்மள மாதிரி. பதினேழ விட்டா ஒம்பதே செகண்டு, நேரா ஆப்பிள்! எங்க ஆராய்ச்சி அக்காவோட மொத்தப் படிப்பும் அது முதுகுல தான்டா நிக்குது. அதுகிட்ட, "வாங்க சார், போலாமா?" என்கிட்ட, "தம்பி, அந்த பக்கெட்ட எடு."

அப்படியாப்பட்டது... ஒரு மாசமா பாதைய மறந்துடுச்சு. மொத வளைவுலயே உக்காந்துக்குது. ஒருநாள் அங்கயே தூங்கிடுச்சு! எங்க புரொபசர், நான் மீசைன்னு கூப்பிடுவேன், அவரு பூதக்கண்ணாடிய வச்சு பாத்துட்டு "கண்ணுல ஒரு சோகம் தெரியுதே"ங்கறாரு. கரப்பான் கண்ணுலடா! தனி ரூம் குடுத்தாங்க, ஏசியோட. எனக்கு அங்க ஃபேன்கூட கிடையாது. கேட்டா, "தம்பி, அது முன்னாடி விசிலடிக்காதே, மனசு புண்படும்." என் மனசு என்ன பிளாஸ்டிக்கா?

அப்புறந்தான் அந்த மீட்டிங். மீசை திடீர்னு மேசையத் தட்டுறாரு. "இது சோகம் இல்ல, முதுமை! வயசானா கரப்பானுக்கும் மறதி வருது!" எல்லாரும் கை தட்டுறாங்க. அக்கா அழுவுறாங்க, சந்தோஷத்துல. ஆறே நாள்ல மொத்த ஆராய்ச்சிப் புத்தகத்தையும் திருப்பி எழுதிட்டாங்கடா. அவங்க ரெண்டு வயசுப் பொண்ணு அவங்கள பாத்து "அத்தை"ங்குதாம். அம்மாவ வீட்ல பாத்தாத்தானே!

நாளைக்கு காலைல பத்து மணிக்கு வெளிய இருந்து மூணு பெரியவங்க வர்றாங்க. கேள்வி கேட்டு, சரின்னா அக்காவுக்குப் பட்டம். இல்லன்னா அவங்க அஞ்சு வருஷ உழைப்பும் தண்ணில போச்சு.

இதப் பாருங்க, புத்தகம். எனக்கு ஒண்ணு குடுத்தாங்க. மொதப் பக்கம் நன்றி. வீட்டுக்காரருக்கு, பொண்ணுக்கு... மூணாவது படி. சத்தமா படி. "பதினேழை என் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்ட தம்பிக்கு."

தோளத் தட்டாதே. தட்டாதேங்கறேன்ல!

உங்களாலதான்டா எல்லாம். "போட்டோ அனுப்புடா, போட்டோ அனுப்புடா"ன்னு உயிர எடுத்தது யாரு? போன மாசம் டப்பா மூடியத் திறந்தேன், ஒண்ணு எகிறி எங்கயோ போயிடுச்சு. தேடிக்கிட்டே நிக்குறேன், ஷெல்ஃபுக்கு அடியில இருந்து கருப்பா ஏதோ காலுகிட்ட வருது... சின்ன வயசுலேர்ந்து பழக்கம்டா! மூளைக்கு முன்னாடி செருப்பு போயிடுச்சு. தூக்கிப் பாத்தா, அடியில வெள்ளப் பெயிண்ட்டு.

நம்பர் போடாத டப்பாவுல ஒரு சோம்பேறி இருந்துச்சு. ஆப்பிள மூக்குகிட்ட வச்சாலும் யோசிக்கும். அது முதுகுல பதினேழுன்னு எழுதினேன். கையெழுத்து மட்டும் நல்லா வந்துச்சு.

ஐயோ, அக்கா கூப்பிடறாங்க. நீ எடுடா. நீ... எங்கடா போறீங்க எல்லாரும்? டேய்!

ஹலோ... அக்கா. இல்லக்கா, சாப்பாடெல்லாம் வச்சிட்டேன். நல்லா இருக்கு... அக்கா, ஒரு நிமிஷம். பதினேழு எதையும் மறக்கலக்கா. நான்தான் மிதிச்சுட்டேன்.