பனிச்சறுக்குப் போட்டோ

ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போகும் படகில் பெரிய பெட்டியோடு உட்கார்ந்திருந்தவனை அவன் மச்சான் பர்மியத்தில் கேட்டான்:

“பனியில சறுக்க ஜப்பான்தான் நல்லதா? நம்ம வடக்கு மலையே போதாதா?”

“நம்ம மலையில பனியைத் தொடவே நாள்கணக்கா நடக்கணும். அங்க கம்பியில தொங்குற நாற்காலியில உட்கார்ந்தா போதும், அதுவே மேல கொண்டுபோயிடும்.”

“சறுக்கும்போது எப்படி இருந்துச்சு?”

அவன் குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினான். படகில் யாருக்கும் புரியாதென்று நினைத்திருப்பான்.

“நான் எங்க சறுக்கினேன்? அங்க ஒரு ஹோட்டல்ல பாத்திரம் கழுவினேன். போட்டோவுக்கு மட்டும் சறுக்குக்கட்டையை இரவல் வாங்கினேன்.”

எதிரே உட்கார்ந்திருந்த நான், தமிழ் புரியாததுபோல் ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

“உங்க அத்தா அந்தப் போட்டோவை லத்தாவுல இருக்கற தன் கடையில மாட்டி, வர்றவங்களுக்கெல்லாம் காட்டுறாரே!”

“தெரியும். அதான் ஏர்போர்ட்லேருந்து நேரா உன் வீட்டுக்கு வர்றேன்.”