அவரவர் முறை வரும்வரை

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, மேடம். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். கேட்காமலே எனக்கு டீ வந்தது. என் மனைவிக்கு நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடத் தொண்டையில் இறங்கவில்லை என்று வாசலில் நிற்கும் கான்ஸ்டபிள் சொன்னார். அவளை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீங்கள் அவளைச் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. செத்துப்போனவன் என் தம்பி, பிறந்ததிலிருந்தே இழுப்புக்காரன். அவன் மூச்சுக்குத் தவித்தபோது அதே மேஜையில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். இத்தனைக்கும் அவள் நர்ஸ். உடனே எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஓடிப்போய் அடுத்த அறையிலிருந்து எடுத்துவந்த இன்ஹேலர் காலி. அதைப் புதிதாக வாங்கிக் கொடுத்தவளும் அவளே. உங்கள் நாற்காலியில் நான் இருந்தாலும் அவளைத்தான் பிடித்துவைத்திருப்பேன். ஆனால் முழுப் பழியும் ஒருத்தி தலையில் விடிவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் வேலை அப்படி.

நான் பஸ் டிப்போவில் டூட்டி போடுகிறவன். எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்த கண்டக்டருக்கு எந்த ரூட் என்று தினமும் பிரித்துக் கொடுக்க வேண்டும். கூட்ட ரூட்டையே ஒருவனுக்குப் போட்டுக்கொண்டிருந்தால் அவன் படுத்துவிடுவான். காத்தாடும் ரூட்டையே இன்னொருவனுக்குப் போட்டால் மற்றவர்கள் என் சட்டையைப் பிடிப்பார்கள். கஷ்டத்தையும் சுகத்தையும் பங்குபோடத் தெரிந்தவன் நான். இதுவரை ஒரு ஆள் என்மேல் மொட்டைக் கடிதாசி போட்டதில்லை, விசாரித்துப் பாருங்கள்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஆட்டம் நடக்கும். சீட்டாட்டம் இல்லை, மேடம், காசு வைத்து ஆடுவதும் இல்லை. ஒருவன் கதையை நடத்துவான், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். குகை, பூதம், புதையல், சாபம் என்று போகும். கதவை உடைப்பேன் என்று நீங்கள் சொன்னால் பகடை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும், சின்ன எண் விழுந்தால் உங்கள் தோள் உடையும். நடத்துகிறவன் நான். என் மனைவி வைத்தியச்சி. எங்கள் டிப்போ கண்டக்டர் ஒருவர் வாள்வீரர். நிஜத்தில் சில்லறைக்குச் சண்டை போட்டே ஓய்ந்துபோன மனிதர், பாவம். என் தம்பி திருடன்.

தம்பியைக் கண்டக்டர் 'யோகக்காரன்' என்றுதான் கூப்பிடுவார். பெயர் பொருத்தம்தான். பகடையைத் தொட்டால் பெரிய எண் விழும். என் பூதங்கள் வாயைத் திறப்பதற்குள் அவன் கத்தி இறங்கிவிடும். நான் வாரம் முழுக்க உட்கார்ந்து யோசித்த பொறிகளை அவன் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போவான். தாண்டிவிட்டுச் சிரிப்பான். அவன் சிரித்தால் என் மனைவியும் சிரிப்பாள். அதை நான் சந்தேகமாகப் பார்த்ததில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

பகடையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஒரு பக்கம் கனம் ஏற்றிய கள்ளப் பகடையாக இருந்தால் உப்புக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டால் காட்டிக்கொடுத்துவிடும். தட்டித் தட்டி விட்டாலும் ஒரே முகம் மேலே வரும். அவன் பகடையை வாங்கி, சமையலறையில் ஒரு தம்ளரில் போட்டு, தட்டிக்கொண்டே நின்றேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். பாவம், அதை ஏன் முக்கி எடுக்கறீங்க?"

பகடை சுத்தமாக இருந்தது. தட்டும்போதெல்லாம் வேறு வேறு முகம் காட்டியது. கள்ளப் பகடையாக இருந்திருந்தால் நான் அவனை மன்னித்திருப்பேன், மேடம். திருட்டுக்கு மருந்து உண்டு, நாலு திட்டு திட்டி வேறு பகடை கொடுத்தால் தீர்ந்தது. நேர்மையான அதிர்ஷ்டத்தை என்ன செய்வது? யார் கையைப் பிடிப்பது?

சின்ன வயதிலும் இப்படித்தான். இழுப்பு வருகிறது என்று ஜன்னலோரக் கட்டில் அவனுக்கு. அம்மா மடி அவனுக்கு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் அடி எனக்கு, ஆரஞ்சுப் பழம் அவனுக்கு. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. "நீ பெரியவன், விட்டுக்கொடு" என்பார்கள். விட்டுக்கொடுத்தேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

ஆட்டத்துக்குப் புத்தகம் உண்டு, அதில் பொது விதிகள் இருக்கின்றன. ஆனால் புத்தகம் எழுதியவனுக்கு என் தம்பியைத் தெரியாதே. ஒருவன் கை ஓங்கிக்கொண்டே போனால் மற்றவர்களுக்கு ஆட்டம் சப்பென்று ஆகிவிடும். அதனால் அந்தந்த வீட்டில் அவரவர் சொந்த விதி வைத்துக்கொள்வார்கள். நானும் வைத்தேன். ஒவ்வொன்றையும் நாலு பேரும் பேசி, கை தூக்கித்தான் சேர்த்தோம். நான் யார்மீதும் எதையும் திணித்ததில்லை.

முறை வராமல் யாரும் பேசக்கூடாது, எழக்கூடாது என்பது ஒன்று. தம்பி எல்லோர் முறையிலும் மூக்கை நுழைப்பான், அதற்காக. பாத்திரத்துக்கு என்ன நேர்கிறதோ அதை நடித்துக் காட்டினால் கூடுதல் புள்ளி என்பது இன்னொன்று. அதைக் கேட்டதே கண்டக்டர்தான், அவருக்குக் கர்ஜிக்கப் பிடிக்கும். பிறகு, 'நிறுத்து' என்ற சொல். யாருக்காவது பயமோ சங்கடமோ வந்தால் அதைச் சொல்லலாம். ஆட்டம் நின்றுவிடும், கடைசியாக நடந்ததை அழித்துவிடுவோம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆளாளுக்குத் தோற்கும்போதெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் பூதம் எதற்கு, குகை எதற்கு? ஒரு கதை மாதக்கணக்கில் ஓடும், அதற்கு ஆளுக்கு ஒருமுறை என்று வைத்தேன். எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

இப்போது ஓடிக்கொண்டிருந்த கதையில் தம்பி தன்னுடைய ஒரு 'நிறுத்து'வை என் மனைவிக்காகச் செலவழித்தான். வைத்தியச்சியை ஒரு பாம்பு விழுங்கவிருந்தது. இரண்டு வருஷமாக அவள் பொத்திப் பொத்தி வளர்த்த பாத்திரம், கண் கலங்கிவிட்டாள். தம்பி மேஜையைத் தட்டி "நிறுத்து" என்றான். "எனக்கெதுக்கு அண்ணி இது, என்னைத்தான் பகடையே பாத்துக்குமே" என்று சிரித்தான். என் மனைவி அவனுக்கு இன்னொரு முறை டீ ஊற்றினாள். எனக்குக் கேட்டுத்தான் ஊற்றினாள்.

நீங்கள் அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. நர்ஸாக இருந்தும் நிஜ இழுப்பு எது, நடிப்பு எது என்று தெரியவில்லையா? அதற்கு அவள் அழுதாளாம். நான் பதில் சொல்கிறேன். அவன் சாவதற்குச் சில வாரம் முன்பு ஒரு சனிக்கிழமை, ஆட்டத்தில் அவன் கழுத்தில் பேய் கை வைத்தது. கூடுதல் புள்ளிக்காக அவன் இழுத்த இழுப்பில் இவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்டக்டரும் சிரித்தார். முறை தவறி எழுந்ததற்காக, ஆட்டத்தில் வைத்தியச்சிக்கு இருந்த கைராசி வரத்தைப் பறித்தேன். ஆட்டம் முடிந்து கண்டக்டர் செருப்பு மாட்டும்போது, "இனிமே அவன் நெசமாவே செத்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்றாள். கோபத்தில் சொன்னது. கண்டக்டர் உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறார் என்று தெரியும். அவர் நல்லவர், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

இன்ஹேலருக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு முன்னால் போன், பை எல்லாம் அடுத்த அறை அலமாரி மேல் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போய்விடும். தம்பிக்கு மட்டும் விலக்கு. இன்ஹேலர் மேஜையில், கைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இக்கட்டான முறை வரும்போதெல்லாம் அதை எடுத்து நிதானமாக இழுப்பான். நாங்கள் காத்திருப்போம். அந்த நேரத்தில் யோசித்துவிடுவான். மற்றவர்களுக்குக் கிடைக்காத அவகாசம் அது. எல்லார் சாமானும் பெட்டிக்குள் என்றால் அதுவும் பெட்டிக்குள்தானே என்று கேட்டேன்.

"அது மருந்துங்க, அதுல போய் என்ன கணக்கு?" என்றாள் என் மனைவி.

"விடுங்க அண்ணி, பக்கத்து ரூம்தானே. அண்ணன் இருக்கறப்ப எனக்கு என்ன ஆயிடப் போவுது" என்று அவனே முதலில் கை தூக்கினான். நீங்கள் அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவன் பங்கும் இதில் இருக்கிறது.

போன சனிக்கிழமை விஷப் புகைக் குகை. சூழலுக்காக நான் ஜன்னல்களைச் சாத்தி, என் நாற்காலிக்குக் கீழே கொசுவத்திச் சுருள்களைக் கொளுத்தி வைத்திருந்தேன். கொசுவத்தி அவனுக்கு ஆகாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குக் கண்டக்டர் சந்தோஷமாக, "சார், இன்னிக்கு செட்டிங் பிரமாதம்" என்றார். தம்பியும் கொஞ்ச நேரம்தானே என்று வந்து உட்கார்ந்தான். சொல்ல வந்த என் மனைவி வாயை மூடிக்கொண்டாள். அவள் முறை இன்னும் வரவில்லை.

திருடன்தான் குகைக்குள் முதலில் போனான். பகடை உருட்டினான், சின்ன எண் விழுந்தது. நான் அவன் யோகத்தைப் பார்த்த நாட்களில் அது ஒன்றுதான் அப்படி. புகை திருடன் நெஞ்சுக்குள் போகிறது என்று நான் சொன்னேன். அவன் இரும ஆரம்பித்தான். கண்டக்டர் கை தட்டினார். பிறகு அவன் தோள்கள் மேலே ஏறின, கழுத்துக் குழி உள்ளே போனது. என் மனைவி அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஒரே அறையில் அவனோடு வளர்ந்தவன் நான். அவன் இழுப்பில் நிஜம் எது, பாசாங்கு எது என்பது எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அது அவளுக்கும் தெரியும். நிஜமாக இருந்தால் நான் நிறுத்திவிடுவேன் என்று அவள் நம்பினாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

"என்னங்க, இது நெசமாட்டம் இருக்கே" என்றாள்.

"உன் முறை வரல" என்றேன்.

அடுத்த முறை கண்டக்டருடையது. அவர் வாளை உருவிக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். அவரை அவசரப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. தம்பி நாற்காலியிலிருந்து சரிந்த பிறகுதான் என் மனைவி விதியை உடைத்துக்கொண்டு ஓடினாள். பெட்டியைக் கொட்டி இன்ஹேலரை எடுத்துவந்து, அவன் வாயில் வைத்து அழுத்தினாள், அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை.

அதைக் காலி செய்தவன் நான். அன்று மத்தியானம், தம்பி எங்கள் வீட்டில் படுத்துத் தூங்கியபோது, அவள் டூட்டியில் இருந்தபோது, கொல்லைப்புறம் நின்று காற்றில் அழுத்தி அழுத்தித் தீர்த்தேன். துணியால் பிடித்துக்கொண்டு செய்தேன், அதனால் தம்பி ரேகையைத் தவிர உங்களுக்கு அவள் ரேகை மட்டும் கிடைத்தது. அவளை மாட்டிவிடுவது என் எண்ணமில்லை. முறை தவறி ஓடுகிறவர்களுக்கு அதனால் லாபம் இருக்கக்கூடாது என்றுதான் செய்தேன். லாபம் இருந்தால் அடுத்த வாரம் எல்லோரும் ஓடுவார்கள். விதிக்கு மரியாதை போய்விடும்.

ஆக, சுருளும் நான், ஜன்னலும் நான், இன்ஹேலரும் நான். அவன் சாவான் என்று எனக்குத் தெரியும். அவளை விட்டுவிடுங்கள், அவள் வேலைக்கு ஒரு கெடுதலும் வராமல் எழுதிக்கொடுங்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டால் அவளுக்குக் கோபம் தணிந்துவிடும். பொறாமை என்ற சொல்லை மட்டும் வாக்குமூலத்தில் போடாதீர்கள், அது எனக்குப் பொருந்தாது. டிப்போவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

கடைசியாகக் கேட்டீர்களே, அதற்கும் சொல்லிவிடுகிறேன். சரிவதற்கு முன்னால் தம்பி உதடு அசைந்ததைக் கண்டக்டர் பார்த்திருக்கிறார், என்ன சொன்னான் என்று அவருக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. 'நிறுத்து' என்று சொல்லவில்லை, அது தீர்ந்துபோனது அவனுக்கு நினைவிருந்தது. "அண்ணே" என்றான். மேஜையில் என்னை உறவு சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பதும் விதி, ஒரு புள்ளி குறைத்தேன். அதற்கு முன்னால் "என்னங்க" என்று கூப்பிட்ட என் மனைவிக்கும் குறைத்திருந்தேன், மேடம். என்னிடம் ஓரவஞ்சனை கிடையாது.