மொட்டு நசுங்காமல்

பூப் பறிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, ஐயா. மற்றபடி நான் யார் வம்புக்கும் போகாதவன்.

கழிவுநீர் நிலையத்தில் மதகைத் திறந்து மூடுவது என் வேலை. பின்னால் இருக்கும் சதுப்பில் நீலக்கொத்து வளர்கிறது. யாரும் நட்டதில்லை, இந்த மண்ணுக்கே சொந்தமான செடி. அந்த நாற்றத்திலும் முகம் சுளிக்காமல் பூக்கும். எங்கள் மேலதிகாரிக்கு அந்தக் குணம் கிடையாது. கோடையில் இலை, தண்டு எல்லாம் கருகிக் காணாமல் போகும். கிழங்கு மட்டும் சேற்றுக்குள் உயிரோடு கிடந்து மழைக்குத் துளிர்க்கும்.

இது என் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியாது. சதுப்பை மண் போட்டு மூடி வண்டி நிறுத்துமிடம் ஆக்கும் குத்தகை அவருக்குக் கிடைத்திருந்தது. கோடையில் வந்து பார்த்தார். "எல்லாம் செத்துப்போச்சு மாப்ளே, வெறும் சேறுதான்" என்றார். நான் கோபப்படவில்லை. ரோஜாவுக்கும் முட்டைக்கோசுக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்.

மழைக்குப் பிறகு மறுபடி வந்து, மொட்டுகளைப் பார்த்து அசடு வழிந்தார். கையில் கோணியும் மண்வெட்டியும்.

"தப்பு என்னோடதுதான். லாரி வர்றதுக்குள்ள கிழங்கோட எடுத்து நம்ம வீட்டுக் குட்டையில வச்சிடலாம். உங்க அக்காதான் அனுப்பிச்சா. எந்தப் பக்கம் இறங்கலாம்?"

திருட வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான் பேசுவார்கள்.

இடுப்புவரை புதைந்ததும், "அந்தப் பலகையைப் போடு மாப்ளே" என்றார். பலகை கரையில் இருந்ததை நான் மறுக்கவில்லை. போட்டால் மொட்டு நசுங்கும் என்று சொன்னேன். "விளையாடாதடா" என்றார். பெரியவர்களை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதோடு, செடிக்குத் தண்ணீர் விடும் நேரமும் ஆகியிருந்தது. மதகைத் திறந்தேன்.

குத்தகைக்காரரைக் காணவில்லை என்றதும் லாரிகளும் வரவில்லை. பூ அமோகமாகப் பூத்தது. அக்கா அழுதுகொண்டே கிடந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கொத்து பறித்துக்கொண்டு போனேன். அவள் அதை வாங்கவில்லை.

"அவர் எடுக்கப் போன பூதானே இது? அவர் எங்கடா?"

அதற்குப் பிறகுதான் உங்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

தோண்டுங்கள், தடுக்கவில்லை. விதை உதிரும்வரை பொறுத்தால் நல்லது. வலது பக்கமாக இறங்குங்கள், அங்கேதான் தரை கெட்டி. அவரிடம் இடது பக்கம் என்று சொன்னேன். சொன்னது மட்டும்தான் நான், ஐயா. இறங்கியது அவர்.