லெனாட் மறைந்த திகதி

உங்கள் சுவரில் தொங்குகிற நாட்காட்டியில் நேற்றைய தாள் இன்னும் கிழிக்கப்படவில்லை. உள்ளே வரும்போதே கண்ணில் பட்டது. கிழித்துவிடட்டுமா என்று வாசலில் நின்ற பொலிஸ் தம்பியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, முதலில் இருங்கோ ஐயா என்றார். திகதி என்று வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. ஆயுள் முழுக்க வரலாறு படிப்பித்தவனுடைய வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீர்வேலியில் கனகசபாபதி மாஸ்ரர் என்று கேட்டால் வாழைத்தோட்டத்துக்குள் நிற்கிறவனும் என் வீட்டைக் காட்டுவான். ஒரு காலத்தில் காட்டினான். ஓய்வுபெற்ற பிறகு யாழ்ப்பாணத்து இணைய வானொலி ஒன்றுக்கு 'இசையில் இந்த நாள்' என்ற சின்ன நிகழ்ச்சியை எழுதிக்கொடுத்து வந்தேன். காலையில் ஐந்து நிமிடம். இதே நாளில் எந்தப் பாடகர் பிறந்தார், எந்த இசைத்தட்டு வெளிவந்தது, எந்தக் குழு மேடையிலேயே சண்டைபிடித்துக் கலைந்தது என்று சொல்லும் நிகழ்ச்சி. வெள்ளைக்காரர் தங்கள் பாட்டுக்காரர் தும்மிய நாளைக்கூடக் குறித்துவைத்திருக்கிறார்கள். எங்கள் பொப்பிசைக்காரர் பிறந்த நாளும் தெரியாது, போன நாளும் தெரியாது. நான் தேடித் தேடி எழுதினேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அதை மறைக்கவில்லை.

மயிலிட்டி லெனாட்டைப் பற்றி எழுதியதும் அப்படித்தான். எழுபதுகளில் கிற்றாரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடிப் பாடியவர். மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்தபோது அவரும் போய், பிறகு ஜேர்மனியில் இருப்பதாகக் கேள்வி. எங்கள் மரண அறிவித்தல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது உங்களுக்குத் தெரியும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். இணையத்தில் கிடந்த பழைய அறிவித்தல் ஒன்றில், மயிலிட்டியைப் பிறப்பிடமாகவும் ஜேர்மனியை வதிவிடமாகவும் கொண்ட லெனாட் செப்டெம்பர் பதினேழில் காலமானார் என்று கண்டேன். படம் மங்கல். மீசை பொருந்தியது. எழுதிக்கொடுத்தேன். "இதே நாளில், ஈழத்துப் பொப்பிசையின் தனிக்குரலான மயிலிட்டி லெனாட் மறைந்தார்." அறிவிப்பாளர் பிள்ளை அதைக் குரல் தழுதழுக்க வாசித்தாள்.

அது வேறு லெனாட். பாடகர் லெனாட், இராணுவம் மயிலிட்டித் துறைமுகத்தை விடுவித்த கையோடு ஊருக்குத் திரும்பி, கடற்கரைப் பக்கம் வீடு கட்டி, தமக்கையின் மகள் ஜெசிதாவோடு இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அன்று காலை சலூனில் சவர்க்கார நுரையோடு இருந்து தன் சாவைக் கேட்டிருக்கிறார். உடனே வானொலிக்குத் தொலைபேசி எடுத்தார். நேரடி ஒலிபரப்பில் விட்டுவிட்டார்கள்.

"தங்கச்சி, லெனாட் கதைக்கிறன். இஞ்சை மேலை சாப்பாடு பரவாயில்லை. ஆனால் பாதித் தாடியோடை வந்திட்டன். மிச்சத்தை எடுக்க ஒருக்காக் கீழை வரலாமோ எண்டு உதை எழுதின ஆளிட்டைக் கேட்டுச் சொல்லும்."

யாழ்ப்பாணமே வயிறு குலுங்கச் சிரித்தது. நான் வானொலியில் மன்னிப்புக் கேட்டேன். நிலையத்தை நடத்தும் சுபாஸ்கரன் என்னிடம் படித்தவன்தான். "மாஸ்ரர், இனி உறுதிப்படுத்தாமல் ஒண்டும் தராதையுங்கோ" என்றான். நியாயமான பேச்சு. ஏற்றுக்கொண்டேன்.

விசயம் அதோடு முடிந்திருக்கவேண்டும். லெனாட் முடிய விடவில்லை. பல வருடமாக அவரை ஒருவரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. என் பிழை அவருக்கு வாய்த்தது. அடுத்த வருடம் அதே நாளில் மயிலிட்டி விளையாட்டு மைதானத்தில் 'லெனாட் செத்த நாள் விழா' என்று ஒன்றை வைத்தார். போனால் வானொலிக்கும் நல்ல பெயர் என்று சுபாஸ்கரன் வற்புறுத்தினான். போனேன். மேடையில் பாய் விரித்து, தலைமாட்டில் மெழுகுதிரி கொளுத்தி, லெனாட் கைகட்டிப் படுத்திருந்தார். நான் ஒலிவாங்கியில் அதே வாக்கியத்தை வாசிக்கவேண்டும். 'மறைந்தார்' என்ற சொல் என் வாயைவிட்டு வந்ததும் அவர் துள்ளி எழும்புவார், கிற்றார் அலறும், சனம் விசில் அடிக்கும்.

அதற்கடுத்த வருடம் கூட்டம் இரண்டு மடங்கு. வெளிநாட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். "எமதர்மன்ரை கணக்கப்பிள்ளை, எங்கடை சித்திரபுத்தர் வாறார், கையைத் தட்டுங்கோ" என்று என்னை மேடைக்கு அழைத்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கனகசபாபதி போய்விட்டான். பேருந்தில் ஏறினால் பின்னாலிருந்து ஒருவன், "சித்திரபுத்தர் ஏறுறார், ஆரும் இருமாதையுங்கோ" என்பான். நான் எழுத்தறிவித்த பிள்ளைகள். நானும் சேர்ந்து சிரிப்பேன். என் மனைவி சிவகௌரி மட்டும் சிரிக்கமாட்டாள்.

"அந்தாள் உங்களைக் கூத்தாட்டுறார். நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள்" என்பாள்.

"பகிடிதானேயப்பா" என்பேன்.

இந்த வருடம் பங்குனியில் அவள் போய்விட்டாள். சிறுநீரகம். செத்தவீட்டில் சுண்ணம் இடிக்க ஆயத்தமாகும் நேரம் லெனாட் மலர்வளையத்தோடு வந்தார். உடலைக் கும்பிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பந்தல் முழுக்கக் கேட்கிற அந்த மேடைக் குரலில் சொன்னார்:

"மாஸ்ரர், வடிவாப் பாத்தனீரோ? உறுதிப்படுத்தியாச்சோ? பிறகு மனுசி எழும்பி ரேடியோவுக்கு ரெலிபோன் எடுத்திடும்."

கதிரைகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் மைத்துனர் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். ஐயரின் உதடும் ஒருமுறை துடித்ததைக் கண்டேன். நானும் சிரித்தேன், ஐயா. பழக்கதோஷம். சிவகௌரியின் தலைமாட்டில் நின்று சிரித்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கேவலமான காரியம் அது ஒன்றுதான்.

பழிவாங்க நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று இரவு சிவகௌரியின் படத்தடியில் எரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நிதானமாக யோசித்தேன். ஒரு வாக்கியம் பொய்யாக நிற்கிறது. ஒன்றில் வாக்கியத்தைத் திருத்தவேண்டும், இல்லாவிட்டால் மற்றதை. திருத்தினேன், மன்னிப்பும் கேட்டேன், ஒருவரும் விடவில்லை. அப்படியானால் திருத்தக்கூடியது வேறு ஒன்றுதான் இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு மயிலிட்டிக்குப் போய்வரத் தொடங்கினேன். போகும்போது கப்பல் வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுபோவேன். அவருக்குச் சந்தோசம். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் நன்றாக உபசரிப்பார். "உம்மிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை மாஸ்ரர். நீர் சாக்காட்டின பிறகுதானே நான் பிழைச்சனான்" என்று தோளில் தட்டுவார். தன் இருதயக் கதையையும் சொன்னார். இரத்தக்குழாய் அடைப்பு. பாடலாம், ஆடக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தாராம். நெஞ்சு நொந்தால் நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை, சட்டைப்பையில் ஒரு சின்னப் போத்தலில் எப்போதும் இருக்கும். இதையெல்லாம் நான் துருவிக் கேட்கவில்லை. அவராகச் சொன்னது.

இந்த வருடம் செப்டெம்பர் பதினேழு புதன்கிழமை. சனம் வரவேண்டும் என்று விழாவைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்திருந்தார். தன்னுடைய செத்த நாளைத் தானே தள்ளிவைக்கிற மனுசன். ஜெசிதா செவ்வாய்க்கிழமை மடு மாதா கோயிலுக்குப் போய், வியாழன் காலையில்தான் திரும்புவதாக இருந்தாள். புதன் பின்னேரம் நான் போனேன். பனங்காய்ப் பணியாரம் வைத்துத் தேத்தண்ணீர் தந்தார்.

இந்தமுறை புதிதாக ஏதாவது செய்யவேண்டும் என்று நான்தான் சொன்னேன். பாயில் படுத்து எழும்புவதைச் சனம் இரண்டுதரம் பார்த்துவிட்டது. சவப்பெட்டி மூடியைத் தலையில் தூக்கிக்கொண்டு ஆடியபடி வந்தால் எப்படி? அவருக்குக் கண் மின்னியது. மூடிக்குப் பதிலாக அறைக் கதவுப் பலகை ஒன்று சுவரில் சாத்தியிருந்தது. சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சாரத்தை மடித்துக்கட்டி, பலகையைத் தூக்கிக்கொண்டு ஆடினார். நான் கைதட்டித் தாளம் போட்டேன். ஆட்டம் காணாது, இன்னும் வேண்டும் என்றேன். திரும்ப ஆடினார். வாசலிலிருந்து வந்தால்தான் எடுப்பு என்றேன். வாசலிலிருந்து வந்தார். அந்த வயதிலும் இடுப்பில் என்ன ஒரு வளைவு. நல்ல கலைஞர்தான், அதை நான் என்றும் மறுத்ததில்லை.

அவர் ஆடிக்கொண்டிருக்கும்போது சட்டைப்பையிலிருந்த போத்தலை எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். கைத்தொலைபேசியை மின்னேற்றுவதாகச் சொல்லிக் குசினியில் கொண்டுபோய் வைத்தேன்.

பலகையைக் கீழே போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார். முகம் சாம்பல் பூத்தது. கை அருகில் கிடந்த சட்டையின் பையைத் துழாவியது.

"மாஸ்ரர்... குளிசை."

"பொறும், பாக்கிறன்" என்றேன்.

தேடினேன். பாய்க்குக் கீழே, மேசைக்குக் கீழே, யன்னல் தட்டில். தேடுவது எனக்குப் பழகிய வேலை. அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு, நீங்கள் நம்பமாட்டீர்கள், வாய்க்கடையில் ஒரு சிரிப்பு வந்தது.

"பகிடி விடாதையும் மாஸ்ரர்" என்றார்.

நான் அவருக்கு முன்னால் இன்னொரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். மேடையில் வாசிப்பதுபோல அந்த வாக்கியத்தை வாசித்தேன். பாடமாகிவிட்டது, தாள் தேவையில்லை. 'மறைந்தார்' என்று முடித்தேன். இந்தமுறை அவர் எழும்பவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு என்னை விளங்கிக்கொண்டார். சிரிப்பு அப்போதுதான் நின்றது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று வருடமாக நான் அப்படி ஒரு நிம்மதியை அறியவில்லை.

உறுதிப்படுத்தச் சொல்லியிருந்தார்கள் அல்லவா? உறுதிப்படுத்தினேன். தலை சரியும்வரை இருந்தேன். நாடி பிடித்துப் பார்த்தேன், இல்லை. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சில்லை. வெளியே இன்னும் வெயில் இருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பைகளைக் கழுவிவைத்தேன். போத்தலைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு கடைசிப் பேருந்துக்கு முந்தியதைப் பிடித்து வீடு வந்தேன். வாழைக்குலைக்குச் சாக்குக் கட்டவேண்டியிருந்தது, கட்டினேன்.

வியாழன் காலையில் ஜெசிதா வந்து கண்டு குழறி அழுதிருக்கிறாள். இருதய நோயாளி, வயதானவர், ஒருவரும் சந்தேகப்படவில்லை. நான் இங்கே வந்திருக்கத் தேவையில்லை. ஆனால் மயிலிட்டிச் சந்தியில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில் மறைவு பதினெட்டு என்று போட்டிருந்தார்கள். வானொலியிலும் பதினெட்டு. சுபாஸ்கரனிடம் போய், அது பிழை, பதினேழு என்று போடு என்றேன். அவன் தலையில் கைவைத்துச் சிரித்தான்.

"மாஸ்ரர், திரும்பவும் நீங்களோ? மனுசனை ஒருக்காலெண்டாலும் ஒழுங்காச் சாக விடுங்கோவன்."

பக்கத்தில் நின்ற பெடியளும் சிரித்தார்கள். அங்கிருந்து நேரே உங்களிடம் வந்தேன். அவர் செத்ததைக் கண்ட சாட்சி உலகத்தில் நான் ஒருவன்தான். நான் கொன்றேன் என்று சொல்லாமல் அந்தத் திகதியை நிறுவ வேறு வழியில்லை. ஆகவே சொல்கிறேன். குளிசையை எடுத்தவன் நான், ஆடவைத்தவன் நான், பார்த்துக்கொண்டு இருந்தவனும் நான். கையெழுத்து எங்கே வைக்கவேண்டுமோ காட்டுங்கள்.

இப்போது வைத்தியசாலை அறிக்கையை எடுத்து மேசையில் வைக்கிறீர்கள். உயிர் பிரிந்தது பதினெட்டாம் திகதி விடியப்புறம் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். ஜெசிதா காணும்போது அவர் கதிரையில் இல்லை, வாசற்கதவடியில் குப்புறக் கிடந்தார், கையில் மூடி திறபடாத போத்தல் இருந்தது என்கிறீர்கள். நிலத்தில் இழுபட்ட தடம் இருந்ததாம். நகத்துக்குள் கதவின் பெயின்ற் இருந்ததாம்.

யாரோ உடலை இழுத்திருக்கவேண்டும். ஜெசிதா பதற்றத்தில் இழுத்துவிட்டு மறந்திருப்பாள். நாயாகவும் இருக்கலாம். போத்தல் கைக்கு எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது, அதை விசாரிப்பது உங்கள் வேலை. வைத்தியர் அங்கே இருக்கவில்லை, ஐயா. நான் இருந்தேன். நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழும்பினேன். ஒரே ஆளின் சாவில் ஒரு மனிதன் இரண்டுதரம் பிழைவிடமாட்டான்.

கொலை என்பதை உங்களுக்குச் சரிப்பட்ட மாதிரி எழுதிக்கொள்ளுங்கள். திகதி பதினேழு.