நாதஸ்வரத்துக்கு மேலால் கேட்ட குரல்

பிள்ளைகளே, கீரிமலையிலிருந்து யாழ்ப்பாணம் வந்த பேருந்தில் எனக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் மெலிந்தவர், மற்றவர் பருத்தவர். இருவரும் போன மாதம் காலமான ஒரு நாதஸ்வர வித்துவானின் ரசிகர்கள். அவர் கடைசியாகத் திருவிழாவில் வாசித்ததை மெலிந்தவர் கைபேசியில் பதிவு செய்திருந்தார். நாளைக்கு நினைவுக் கூட்டத்தில் போடுவதற்கு வேறு பதிவு இல்லையாம்.

போட்டுப் பார்த்தார். நாதஸ்வரத்துக்கு மேலால் ஒரு குரல் கத்தியது: "ஆகா! அப்பிடிப் போடுங்கோ!"

"கேட்டியளோ அண்ணை? வித்துவானைக் காணேல்லை. நீங்கள்தான் கச்சேரி செய்யிறியள்" என்றார் மெலிந்தவர்.

"ரசிச்சால் வாய் திறக்காதோ?" என்றார் பருத்தவர்.

"திறக்கட்டும். இடைக்கிடை மூடவும் வேணுமெல்லோ."

பருத்தவரின் முகம் வாடிவிட்டது. "அப்ப என்னாலை அவரின்ரை கடைசி வாசிப்பே பழுதாப் போச்சு, என்ன?"

மெலிந்தவர் உடனே வித்துவானின் மனைவிக்கு அழைத்து விசயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் பதில் பேருந்து முழுக்கக் கேட்டது.

"அப்பிடியே போடுங்கோ தம்பி. உந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் அண்டைக்குத் திருவிழாவிலை ஒரு மணித்தியாலம் கூடுதலா வாசிச்சவர். வீட்டை பிந்தி வந்து என்னட்டை ஏச்சும் பேச்சும் வாங்கினவர். கத்தின ஆளையும் நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவருக்கும் கொஞ்சப் பேச்சு வைச்சிருக்கிறன்."