வெறும் வயிறு

– வாய ஊது.

– என்ன லுசிங், ஆஸ்பத்திரி வராந்தாவுல...

– ஊது டெமே. பூண்டு வாசம்! பாட்சோய் குடிச்சியா?

– ஒரு கிண்ணம்தான்.

– இன்னிக்கு வெறும் வயித்துல அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்னு, உனக்குத் துணையா நானும் காபிகூடக் குடிக்காம நிக்கிறேன். நீ மார்க்கெட்டுல நூடுல்ஸ் உறிஞ்சிட்டு வர்ற!

– பசி தாங்கல.

– போன தடவையும் இதே பாட்டு. சாப்பிட்டேன்னு சீட்டு குடுக்கிற ஜன்னல்லயே சொல்லிட்டு, நேரா சிடி மெஷினுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்ட.

– அதுல என்ன குறை? வயித்துல பெரிய ரத்தக்குழாய்க்குள்ள வச்சிருக்கிற உறை பளிச்சுனு தெரியுது.

– கதிர்வீச்சும்தான் பளிச்சுனு ஏறுது. டாக்டர் என்ன சொன்னாரு? உறை கசியல, வீக்கம் வத்திடுச்சு, இனிமே அல்ட்ராசவுண்டே போதும்னாரு. சிடிக்கு ஏத்துற மருந்து உன் கிட்னிக்கு ஆகாதுன்னும் சொன்னாரு. கேட்டுட்டுத்தானே இருந்த?

– உள்ள ஸ்கேன் எடுக்கிறது யாருன்னு தெரியுமா உனக்கு?

– யாரா இருந்தா என்ன?

– நெனிதா.

– எந்த நெனிதா? ... ஐயோ. அவளா?

– அவதான். சர்ச்சுல கல்யாணத்துக்கு எங்க பேர வாசிச்சதுக்கப்புறம் அவள விட்டுட்டு வந்தேன். ஒரு வார்த்த சொல்லல. இப்ப சட்டையத் தூக்கிக்கிட்டு அவ முன்னாடி மல்லாக்கப் படுக்கணும். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?

– அவளுக்குன்னு பேசி வச்ச சர்ச்சுலயே நான் கல்யாண கவுன் போட்டு நின்னேன். எனக்கு மட்டும் கூசாதா?

– அப்ப வா, வீட்டுக்குப் போயிடலாம்.

– போய்? வெக்கப்பட்டுக்கிட்டு இன்னும் எத்தன தடவ கதிர் வாங்குவ? நம்ம மக கல்யாணத்துல என் கையப் பிடிச்சு ஆட யாரு வருவா, அந்த மெஷினா?

– மெதுவா பேசு. கதவு திறக்குது.

– டெமெட்ரியோ... வாங்க உள்ள.

– அது வந்து, நெனிதா, நான் சாப்பிட்டுட்டேன்.

– காதுல விழுந்துச்சு. பரவாயில்ல, படுங்க.

– வயித்துல ஏதாச்சும் இருந்தா படம் சரியா தெரியாதே?

– கொஞ்சம் அழுத்திப் பாத்தா தெரியும். போன தடவையே பாத்திருக்கலாம், டெமே. உன் பேரப் பாத்ததும், முடியாது, சிடிக்கே அனுப்புங்கன்னு உள்ளேர்ந்து சொன்னது நான்தான்.