ஈரம் தொண்ணூத்திரெண்டு

தொடாதீங்கன்னு எழுதி ஒட்டியிருக்கிறதத்தான் மேடம் எல்லாரும் மொதல்ல தொடுறாங்க. பரவால்ல, கைய எடுத்துடுங்க. அது க்ரீஸ், சோப்பு போட்டாலும் மூணு நாளைக்குப் போகாது. இந்தாங்க, துணி. ஐயோ, அந்தத் துணி இல்ல, அதுல பூச்சி தொடச்சேன்.

ஆமா, பூச்சிதான். டார்ச் அடிக்கிறேன், இந்தத் தண்டவாளத்தப் பாருங்க. இது மேல சக்கரம் ஓடித்தான் டெலஸ்கோப்ப மூடியிருக்கிற இந்த உருண்டைக் கூரை, டோமு, மொத்தமும் சுத்துது. ராத்திரி அந்துப்பூச்சிங்க உள்ள வந்து இதுல ஒக்காரும், சக்கரம் ஏறும், அவ்வளவுதான். நசுங்கி, கூழாகி, அது மேல இன்னொரு கூழு. கருமம். பொழுது சாயறதுக்குள்ள நான் சுரண்டி எடுக்கலன்னா சக்கரம் வழுக்கி டோம் பாதியில நின்னுடும். பதினெட்டு வருஷத்துல என் வேலைல பாதி இந்தச் சுரண்டல்தான் மேடம். வீட்டுல எல்லாரும் நான் நட்சத்திரம் எண்றேன்னு நெனச்சுட்டிருக்காங்க. என் மச்சான், சம்சாரத்தோட தம்பி, அவன் சொல்லுவான், ஊரே தூங்கறப்போ முழிச்சிருக்கிறது ரெண்டே பேரு, ஒண்ணு திருடன், இன்னொண்ணு எங்க மாமான்னு. திருடனாவது லீவு எடுப்பான்.

சரி, சுத்தி வளைக்க வேணாம். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். இந்த ஆபரேட்டர் வேணுமா, இல்ல அந்தப் பெட்டியே போதுமா. அதானே அந்த ஃபாரத்துல இருக்கு? எழுதிக்கோங்க. நான் வேலைய நிறுத்த முடியாது, இன்னும் ஒன்ற மணி நேரத்துல சூரியன் எறங்கிடும். கூடவே வாங்க, பேசிக்கிட்டே பண்றேன்.

பெட்டி அதோ மூலைல. நல்லா பாத்துக்கோங்க, வெலைய கேட்டா தலை சுத்தும். மழையா, காத்தா, ஈரமா எல்லாத்தையும் அதுவே பாத்து, டோமத் தொறக்கலாமா மூடலாமான்னு அதுவே முடிவு பண்ணுமாம். போன மாசம் மூணு வாரம் சோதனை போட்டாங்க. மழை பாக்குற அதோட கண்ணுல ஒரு எட்டுக்கால் பூச்சி வலை கட்டிடுச்சு. நாலு ராத்திரி வானம் கழுவி வெச்ச மாதிரி இருக்கு, இது மழை மழைன்னு கத்திட்டு கதவத் தொறக்கவே மாட்டேங்குது. இன்னொரு நாளு கீழ சரிவுல காஞ்ச புல்லு பத்திக்கிச்சு. புகை மேல வருது, சாம்பல் பறக்குது. பெட்டிக்கு அதெல்லாம் கணக்கு இல்ல. ஈரம் இல்ல, காத்து இல்ல, தொறன்னு தொறக்கப் போச்சு. நான் சாப்பாட்டுக் கையோட ஓடி வந்து ஒயரப் புடுங்கினேன். இதையும் எழுதிக்கோங்க. நல்லா பெருசா எழுதுங்க.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது திரவ நைட்ரஜன், கேமராவுக்கு ஊத்தணும். தண்ணி மாதிரிதான் இருக்கும், விரல்ல பட்டா வெந்து போன மாதிரி தோலு வந்துடும். கேமரா சூடா இருந்தா நட்சத்திரத்தப் படம் எடுக்காது, தன்னோட சூட்டையே படம் எடுத்துக் குடுக்கும். மனுஷன் மாதிரிதான், விடுங்க. புகை அடங்கட்டும். ஆமா, அழகாத்தான் இருக்கு. மொத வருஷம் எனக்கும் அழகா இருந்துச்சு.

இந்த மேல் ஜன்னல்கள இப்பவே தொறந்து விட்டுடணும். பகலெல்லாம் உள்ள சேந்த சூடு வெளிய போயி, உள்காத்தும் வெளிக்காத்தும் ஒண்ணாகணும். இல்லன்னா அடுப்புக்கு மேல தெரியிற மாதிரி நட்சத்திரம் நெளியும்.

கண்ணாடியா? டெலஸ்கோப்புல வெளிச்சத்தப் புடிக்கிறதே அதுதான், அந்த மூடிக்கு அடியில இருக்கு. மூடியோட ஒரு இதழ் மட்டும் தூக்கிக் காட்டுறேன், மூச்சு விடாம பாருங்க. தூசியா இருக்கேன்னு மொகத்த சுளிக்காதீங்க. அதத் தொடைக்கவே கூடாது மேடம். தூசியோட இருந்தாலும் அது வேலை செய்யும், தொடச்சா கீறல் விழும், கீறல் விழுந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. முந்தின டைரக்டர் இருந்தாரே, பெரிய படிப்பு, மூணு பட்டம். விருந்தாளிங்கள கூட்டிட்டு வந்தாரு. அதுல ஒரு அம்மா, என்ன சார் இவ்வளவு அழுக்குன்னு கேட்டுட்டாங்க. அவருக்கு ரோஷம் வந்துடுச்சு. பாக்கெட்லேர்ந்து கைக்குட்டைய எடுத்தாரு. மூக்கு சிந்துன கைக்குட்டை மேடம்! அதுல எச்சி வேற தொட்டு, ஒரே இழு. அந்த ஓரத்துல பளபளன்னு ஒரு கோடு தெரியுதா? அதுதான் அவரோட ஆராய்ச்சி. பெட்டியா இருந்தா என்ன பண்ணியிருக்கும், வெப்பநிலை சரியா இருக்குன்னு சொல்லியிருக்கும். நான் அவரு கைய புடிச்சேன். டைரக்டர் கைய. இல்லன்னா முழுசா தொடச்சிருப்பாரு.

இப்ப வர்ற ஆராய்ச்சிக்காரங்களா? வர்றதே இல்லையே, அப்புறம் என்ன வர்றவங்க. வீட்டுல ஒக்காந்து கம்ப்யூட்டர்ல பாக்குறாங்க. இன்னிக்கும் ஒருத்தர் இருக்காரு, எட்டு மணிக்கு திரையில தலைய காட்டுவாரு. சட்டை மேல மட்டும் இருக்கும், கீழ என்னன்னு கடவுளுக்குத்தான் தெரியும். பல்லு குத்திக்கிட்டே, ஆபரேட்டர், தெக்கால திருப்புங்கம்பாரு. குத்துனத எடுத்துப் பாத்துட்டு மறுபடி வாயில போட்டுக்குவாரு. நான் இங்க குளுருல வெறச்சுக்கிட்டு அதப் பாத்துட்டு ஒக்காரணும். தூ. அந்தக் காலத்துல நேர்ல வந்தவங்களாவது... சரி, அது வேண்டாம்.

இந்த மீட்டரா? இதுதான் மேடம் முக்கியம். ஈர மீட்டர். எம்பத்தஞ்சுன்னு செவப்புக் கோடு இருக்குல்ல, முள்ளு அதத் தாண்டுனா டோம மூடிடணும். இல்லன்னா கண்ணாடி மேல பனி படிஞ்சு, தூசியோட சேந்து சேறாயிடும். வெளிய போய் நின்னு பாத்தா வானத்துல மேகம் ஒரு பொட்டு இருக்காது, நட்சத்திரம் கொட்டிக் கெடக்கும், ஆனா இங்க முள்ளு தொண்ணூறுல நிக்கும். வானம் நல்லாத்தானே இருக்கு, ஏன் மூடுறீங்கன்னு சண்டைக்கு வருவாங்க. டைரக்டரே வந்தாலும் அந்த விஷயத்துல என் வாய்தான் கடைசி. ஆபரேட்டர் மூடுன்னா மூடு. அது இங்க மொதல்லேர்ந்து இருக்கிற வழக்கம்.

இல்ல, இது எதையும் பதிவு பண்ணாது, பழைய மீட்டர். நான் பாத்து நோட்டுல எழுதுறதுதான் பதிவு. நோட்டு கீழ ரூம்ல இருக்கு. வாங்க, படி பாத்து எறங்குங்க, மூணாவது படி ஆடும்.

ஒக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அதுல யாரோ எதையோ கொட்டி, துணி போட்டு மறச்சு வெச்சிருக்காங்க. இதுல ஒக்காருங்க. பிளாஸ்க்ல டீ இருக்கு. நோட்ட தாராளமா பொரட்டுங்க, பதினெட்டு வருஷமும் இருக்கு. ஒரு ராத்திரி கூட நான் தப்பாத் தொறந்ததில்ல. சும்மா பெருமைக்குச் சொல்லல. மழைத்துளி ஒண்ணு என் கண்ணாடி மேல பட்டதில்ல.

என்ன எழுதணும் அந்தக் கட்டத்துல? மனிதர் இருந்ததால் தவிர்க்கப்பட்ட சேதம், ஓர் உதாரணம், ஆதாரத்துடன். எப்பா, யாரு யோசிச்சாங்களோ. அந்தப் புகை விஷயத்தப் போடுங்களேன். நோட்டுல எழுதலியே அத, ஒயரப் புடுங்குனதுக்கு திட்டு விழும்னு எழுதல. கைக்குட்டையா? அதப் போட்டா அந்தப் பழைய டைரக்டர் என் மேல பாய்வாரு.

எந்தப் பக்கம்? காட்டுங்க.

ஓ. அதுவா.

இல்ல, அது வேணாம் மேடம். மூணு வருஷம் ஆச்சு அதுக்கு, பழசு. இன்னும் நல்ல பக்கமா பாருங்க. ஆமா, படிச்சீங்கன்னா அப்படித்தான் இருக்கும். வானம் தெளிவு, ஈரம் தொண்ணூத்திரெண்டு, பத்து மணிக்கு மூடப்பட்டது, விடியும் வரை தொறக்கல. என் கையெழுத்துதான். கீழ இருக்கிறது அந்த ஆராய்ச்சிக்கார அம்மா எழுதுனது. வர்றவங்க கருத்து எழுதணும், அது ஒரு வழக்கம். என்ன எழுதியிருக்காங்கன்னு எனக்குத் தெரியும், நீங்க படிக்க வேணாம். என் ஒரு ராத்திரியை விட கண்ணாடி பெரியது, அதைக் காப்பாற்றிய ஆபரேட்டருக்கு நன்றி. அப்படித்தானே? எனக்கு மனப்பாடம்.

பொருத்தமாத்தான் இருக்கு. நீங்க சொல்றது சரிதான், இத வெச்சா ஆபரேட்டர் வேணும்னு கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவாங்க. எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம் இருக்கு. பொண்ணு படிச்சுட்டிருக்கா. சம்சாரம் காலைல கூட, அந்த மேடம் கிட்ட வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க, அவங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு சொல்லித்தான் அனுப்புனா.

அந்த அம்மா ரெண்டு நாள் பஸ்ல வந்தாங்க மேடம். கைக்குழந்தைய அவங்க அக்கா கிட்ட விட்டுட்டு. ஏதோ ஒரு நட்சத்திரம், பத்தொம்பது வருஷத்துக்கு ஒரு தடவ மங்குமாம், இன்னொண்ணு அதுக்கு முன்னால வந்து மறைக்குமாம். அஞ்சு வருஷமா அதுக்குக் கணக்குப் போட்டு வெச்சிருந்தாங்க. மூணு ராத்திரி குடுத்திருந்தாங்க அவங்களுக்கு. மொத ரெண்டு ராத்திரி நெஜமாவே மேகம். மூணாவது ராத்திரிதான் அது நடக்கணும், ரெண்டு மணிக்கு. சாயங்காலமே தொறந்துட்டோம். அவங்க, ஃபோகஸ் சரியில்ல, இன்னொரு தடவ பாருங்கன்னாங்க. பாத்தேன். இன்னொரு தடவன்னாங்க. மேல ஏறி எறங்கி, ஏறி எறங்கி, நாலு தடவ. மரியாதையாத்தான் கேட்டாங்க. எனக்கு அன்னிக்கு மத்தியானம் தூக்கம் இல்ல, வீட்டுல ஒரு சண்டை. அவ்வளவுதான் காரணம். தேடிப் பாத்தேன், அதுக்கு மேல ஒரு காரணமும் இல்ல.

டோம மூடிட்டு எறங்கி வந்து, ஈரம் ஏறிடுச்சும்மா, தொண்ணூத்திரெண்டுன்னேன்.

அரை மணி நேரம் கெடக்கட்டும், அப்புறம் தொறந்துடலாம்னுதான் நெனச்சேன். டீ குடிச்சேன். அவங்க வெளிய போய் நின்னு பாத்தாங்க. வானம் முழுக்க நட்சத்திரம். சண்டை போடுவாங்கன்னு பாத்தேன். ஒரு வார்த்தை சத்தமா பேசியிருந்தா, போய்த் தொலைன்னு தொறந்திருப்பேன். உள்ள வந்து, பரவால்ல சார், எனக்காக கண்ணாடிக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது, நீங்க இவ்வளவு கவனமா இருக்கீங்களேன்னு கைய கூப்புனாங்க. அதுக்கப்புறம் எப்படித் தொறக்குறது? மேல ஏறி அந்த முள்ள அவங்களே ஒரு தடவ பாத்திருக்கலாம். பதினாறு படி. பாக்கல மேடம். ஆபரேட்டர் சொன்னா சரிதானே.

ரெண்டு மணிக்கு அவங்க வெளியதான் நின்னாங்க. வெறுங்கண்ணுக்குத் தெரியாத நட்சத்திரம் அது. இருந்தாலும் அது இருக்கிற பக்கமா பாத்துட்டு நின்னாங்க. நான் ஜன்னல் வழியா பாத்துட்டிருந்தேன். பூச்சியச் சுரண்டுறப்போ கூட எனக்கு அவ்வளவு அருவருப்பு வந்ததில்ல. காலைல இத எழுதி நீட்டுனாங்க.

வரல. அதுக்கப்புறம் அவங்க பேரு எந்த லிஸ்ட்டுலயும் வரல. ராத்திரி ஒதுக்குற லிஸ்ட்டு வருஷத்துக்கு ரெண்டு தடவ வரும், நான்தான் மொதல்ல வாங்கிப் பாப்பேன். வேற எங்கயோ இருப்பாங்க. அந்த நட்சத்திரம் மறுபடி மங்க இன்னும் பதினாறு வருஷம் ஆகும்.

அந்தப் பெட்டிய நான் எவ்வளவு திட்டுனாலும் ஒண்ணு சொல்லணும். அது முட்டாள், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு யார் மேலயும் கடுப்பு வராது.

அந்தப் பக்கத்த வெக்கிறதா இருந்தா வெச்சுக்கோங்க, கிழிச்சுடறதா இருந்தாலும் கிழிச்சுடுங்க, உங்க இஷ்டம். ஆனா ஓரத்துல சரியான நம்பர எழுதிடுங்க. நாப்பத்தொண்ணு. அன்னிக்கு மீட்டர்ல நாப்பத்தொண்ணுதான் மேடம் இருந்துச்சு.

சூரியன் எறங்கிடுச்சு. நான் மேல போய் கண்ணாடி மூடியத் தொறக்கணும். இன்னிக்கு ஈரம் முப்பத்தெட்டு. இல்ல, எழுதாதீங்க. என் பேச்ச கேட்டு எழுதாதீங்க. ஏறி வந்து நீங்களே பாத்துட்டு எழுதுங்க.